இருபுறமும் சிங்கம்

கே: என்னிடம் உள்ள ஒரு ரூபாயின் இரண்டு பக்கமும் சிங்கம்தான். ஒன்று புடைத்திருக்கிறது, மற்றது குழிந்து, இடவலம் மாறியிருக்கிறது. கள்ளக் காசா?
– வாசகர், கும்பகோணம்

ப: குழிந்து, இடவலமும் மாறியிருந்தால் நல்ல செய்தி! முந்தைய காசு வெளியேற மனமில்லாமல் மதிப்பு பொறிக்கும் அச்சிலேயே ஒட்டிக்கொண்டது. அடுத்து வந்த வில்லைக்கு அதன் சிங்கமே அச்சாகிவிட்டது. சேகரிப்பவர்கள் இதை ‘பிராக்கேஜ்’ என்பார்கள். ரோமானிய தெனாரியஸ்களிலும் இந்த அழகான பிழை உண்டு.

ஆனாலும் லென்ஸ் வைத்துப் பாருங்கள். புடைத்த சிங்கம் கூர்மையாக இருக்க வேண்டும். அது நசுங்கியிருந்தால், யாரோ இன்னொரு காசை வைத்துப் பட்டறை வைஸில் நெருக்கியிருக்கிறார்கள். இரண்டு சிங்கமும் புடைத்திருந்தாலோ சந்தேகம் இன்னும் வலுக்கும்: இரண்டு காசுகளைக் கடைந்து பொருத்தியிருப்பார்கள், விளிம்பின் உட்புறம் மெல்லிய இணைப்புக்கோடு தெரியும்.

பிழை எப்போதும் இப்படிக் கண்ணில் அறையாது. பிரிட்டனில் 2008-இல் 20 பென்ஸின் ஆண்டை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாற்றினார்கள். பழைய முகமும் புதிய முதுகும் ஜோடி சேர்ந்ததில், ஆண்டே இல்லாத காசுகள் புழக்கத்துக்கு வந்துவிட்டன!

தயவுசெய்து உங்கள் காசைப் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். சேகரிப்பவர்கள் தேடுவது அந்த அசல் மேற்பரப்பைத்தான்.