இயற்கைச் சாயம் பூச ஒரு ஞாயிறு போதும்

கடை டையைப் பூசினால் அரை மணி நேரத்தில் தலை கறுத்துவிடும். அவ்வளவு சுலபமாகக் கிடைக்கும் இளமையில் என்ன கௌரவம்? மருதாணியும் அவுரியும் வாங்கிவந்து சனிக்கிழமை ராத்திரியே வேலையைத் தொடங்குங்கள். பழைய துண்டு ஒன்று வேண்டும். எது பழசு என்பதை மட்டும் வீட்டு அம்மாவிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். இந்த விஷயத்தில் உங்கள் கணக்கு எப்போதும் தப்பு.

பொடி வாங்கும்போது பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். முன்பக்கம் முழங்கால் வரை கூந்தலோடு நிற்கும் பெண்ணுக்கும் உள்ளே இருக்கும் பொடிக்கும் சம்பந்தமில்லை. ‘கறுப்பு மருதாணி’ என்று போட்டிருந்தால் அப்படியே திருப்பி வைத்துவிடுங்கள். 2021இல் புவிசார் குறியீடு வாங்கிய ராஜஸ்தானின் சோஜத் மருதாணியே ஆனாலும் அது சிவக்குமே தவிரக் கறுக்காது. தானாகக் கறுக்கிறது என்றால் பி.பி.டி. என்ற ரசாயனம் கலந்திருக்கலாம். சிலருக்கு அது முகமே வீங்கும் அளவுக்கு ஒவ்வாமையைக் கொடுக்கும். எந்தப் பொடியானாலும் காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு வைத்து இரண்டு நாள் பாருங்கள். இந்தப் பத்தியில் மட்டும் கிண்டல் கிடையாது.

டீத்தூளைச் சுண்டக் காய்ச்சி, எலுமிச்சை பிழிந்து, இரும்புச் சட்டியில் மருதாணிப் பொடியைத் தோசை மாவுப் பதத்தில் கரைத்து மூடிவையுங்கள். புளிப்பில் ஊற ஊற லாசோன் என்ற சாயம் வெளியே வரும். முடியின் கெரட்டினோடு ஒட்டிக்கொள்வது அதுதான். இந்த நேரத்தில் தயிர், முட்டை, பீட்ரூட் சாறு, காபித்தூள் என்று ஆளாளுக்கு யோசனை சொல்வார்கள். எல்லாவற்றையும் கேட்டால் தலையில் சாயம் ஏறாது, டிபன்தான் ஏறும். சளி பிடிக்கும் என்று பயமுறுத்தும் அத்தைக்காக இரண்டு சொட்டு நீலகிரித் தைலம் விட்டுக்கொள்ளலாம்.

காலையில் நெற்றியோரம், காதோரம் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு பூச ஆரம்பியுங்கள். பின்னந்தலைக்கு ஆள் வேண்டும். மகனைக் கூப்பிட்டால் ஒரு கையில் போனோடு வருவான், சட்டைக் காலர் சிவந்துவிடும். பூசி முடித்துப் பிளாஸ்டிக் பையைத் தலையில் கட்டிக்கொண்டு இரண்டு மூன்று மணி நேரம் உட்கார வேண்டும். குடியிருப்போர் சங்கச் செயலாளர் கையெழுத்து கேட்டு வருவது அப்போதுதான். கதவைத் திறக்கலாம், எப்படியும் எல்லாருக்கும் தெரியத்தான் போகிறது.

வெறும் தண்ணீரில் அலசிவிட்டுக் கண்ணாடி பாருங்கள். கறுப்பு முடி கறுப்பாகவே இருக்கும். இதுவரை யார் கண்ணிலும் படாத நரைகூட ஆரஞ்சு நிறத்தில் நின்று ஆஜர் சொல்லும். பலர் இந்த இடத்தில் களைத்துப்போய், இதுதான் தன் ஸ்டைல் என்று அறிவித்துவிடுகிறார்கள். விரும்பியே சிவப்பு வைப்பவர்கள் வேறு, அவர்கள் முகத்தில் அந்தத் திகைப்பு இருக்காது.

களைக்காதவர்கள் அவுரிக்கு வாருங்கள். 1917இல் சம்பாரணில் காந்தி போராடியது, விவசாயிகளைக் கட்டாயப்படுத்தி அவுரி பயிரிட வைத்த வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகளை எதிர்த்து. உங்களை யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

மருதாணிக்குச் சொன்ன எதுவும் அவுரிக்குச் செல்லாது. புளிப்பு ஆகாது, ராத்திரி ஊறவைக்கக் கூடாது. வெதுவெதுப்பான தண்ணீர், சிட்டிகை உப்பு, பத்துப் பதினைந்து நிமிடம், அவ்வளவுதான். இலையில் இருக்கும் இண்டிகன் தண்ணீர் பட்டதும் பிரியும், பிரிந்தது காற்றுப் பட்டு நீலமாகும். திண்டிவனம் பக்கம் துணிச்சாயத்துக்காகத் தழையைத் தொட்டியில் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரைக் கலக்கி அடித்து நீலம் எடுப்பது இந்தக் காற்றுக்காகத்தான். தலைச்சாயத்தில் அந்த வேலை முடிக்குள் நடக்க வேண்டும். பச்சைக் கரைசலின் மேல் கருநீல ஏடு தெரிந்ததும் ஓடிப்போய்ப் பூசுங்கள். சரியாக அந்த நிமிடம் மைத்துனர் போன் செய்வார். எடுத்தால், கறுப்பது கிண்ணம்.

ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து அலசலாம், ஷாம்பு மட்டும் இரண்டு நாளைக்குக் கூடாது. தலை லேசாகப் பச்சையடித்தால் பதற வேண்டாம், ஓரிரு நாளில் கறுத்துவிடும். ஆனால் நடுவில் திங்கட்கிழமை ஒன்று இருக்கிறது. ஈரத்தழை வாசனையோடு ஆபீஸுக்குப் போய், யாராவது முகர்ந்து பார்த்தால் நீங்களும் சேர்ந்து முகர்ந்து பார்த்து, ஏ.சி.யில் ஏதோ கோளாறு என்று சொல்லிவிடுங்கள்.

முடி மாதம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும், அதுவும் வெள்ளையாகவே. வகிட்டில் கோடு தெரிய ஆரம்பித்ததும் இடப்பக்க வகிட்டை வலப்பக்கம் மாற்றிக் கொஞ்ச நாள் ஓட்டலாம். நடு வகிடு எடுப்பவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. வகிடே இல்லாதவர்கள் இவ்வளவு தூரம் படித்திருக்க மாட்டார்கள்.