கழலாத போல்ட்டும் கிஸ்தி கட்டாத கோட்டையும்: ஓர் ஆய்வு

பழைய வேன்களின் அடிவயிற்றில் இருக்கும் ஆயில் ட்ரெயின் போல்ட்டைப் பற்றிய சிந்தனை எல்லாம் இதுவரை துருவில் தொடங்கித் துருவிலேயே முடிந்திருக்கிறது. இக்கட்டுரை அதை மறுக்கிறது. போல்ட்டை இறுக்குவது துரு அல்ல. போன தடவை அதைப் பூட்டியவரின் புஜபலம். அதே புஜபலத்தால் கழற்றப் பார்ப்பவர் நோயையே மருந்தாகக் கொடுக்கிறார். இதற்குச் சான்று எந்தப் பட்டறையிலும் கிடைக்கும் என்றாலும், எழுத்தில் பதிவான சான்று ஒட்டப்பிடாரத்துக்குப் பக்கத்தில், பாஞ்சாலங்குறிச்சியில்தான் இருக்கிறது.

இத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை பழைய ஆயிலை இறக்கிவிட வேண்டும் என்பது போல்ட்டின் மேல் விதிக்கப்பட்ட கிஸ்தி. கட்ட மறுக்கும் போல்ட்டை வேன்காரர் பார்க்கும் பார்வை, 1798இல் கலெக்டர் ஜாக்சன், பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் கட்டபொம்மனைப் பார்த்த அதே பார்வை. ஜாக்சன் அவரை ஊர் ஊராக அலையவிட்டு, கடைசியில் ராமநாதபுரத்தில் பேட்டி கொடுத்தார். அங்கே நடந்த கைகலப்பில் கிளார்க் என்ற அதிகாரி செத்தார், கட்டபொம்மன் தப்பிவிட்டார், ஜாக்சனுக்குப் பதவி போயிற்று. பொருந்தாத ஸ்பேனரை மாட்டி அதட்டுகிறவருக்கு வாய்ப்பதும் ஏறக்குறைய இதுதான்: ஸ்பேனர் வழுக்கும், முட்டி பெயரும், போல்ட்டின் தலை மொட்டையாகும். 1799 செப்டம்பர் 5ஆம் தேதி மேஜர் பானர்மேன் நேரடியாக மோதிப் பார்த்தார், மண்கோட்டை அசையவில்லை. பின்னர் இடிக்கப்பட்ட அந்தக் கோட்டையைக் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை திரும்பக் கட்டினார். 1801 மார்ச் 31இல் அதன்மேல் மேஜர் மெக்காலே மோதினார், பலத்த அடி. அதன்பிறகுதான் கிழக்கிந்தியக் கம்பெனிப் படைக்குப் புத்தி வந்து, இரண்டு மாதத்துக்குச் சற்றுக் குறைவாக வெளியே உட்கார்ந்திருந்தது. கர்னல் ஆக்னியூ வந்து சேர்ந்து, மே 24இல்தான் கோட்டை விழுந்தது. போல்ட் விஷயத்தில் இந்த உட்கார்ந்திருத்தலை ஊறவைத்தல் என்கிறோம்.

இதற்கு இயற்பியல் நியாயமும் உண்டு. ஒரு போல்ட்டைப் பூட்டச் செலவாகும் விசையில் ஏறத்தாழப் பாதியைத் தலைக்கு அடியிலுள்ள உராய்வே தின்றுவிடுகிறது. இன்னும் நாற்பது சதவீதம் போல மரையில் போகிறது. உண்மையில் இறுக்கிப் பிடிக்கப் பயன்படுவது பத்தில் ஒரு பங்குதான். ஆக, கழற்றும்போது முதல் போர் தலைக்கு அடியில், நசுங்கிப்போன பழைய வாசரின் மேல் நடக்கிறது. சுத்தியலால் தலையின் நடுவில் நேராக நாலு தட்டு தட்டினால் அந்தப் பிடி தளரும். கம்பி பிரஷ்ஷால் அழுக்கைத் தேய்த்து, துரு இளக்கும் ஆயிலைப் பீச்சி, ஒரு ராத்திரி விட்டுவிடுவதும் அந்த இடத்துக்காகத்தான். ஆயில் தேங்கும் சம்ப் அலுமினியமாக இருந்தால் இன்ஜினைச் சூடாக்கிவிட்டு நிறுத்துவதும் பலன் தரும். அலுமினியம் இரும்பைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். ஓட்டை பெரிதாகும் அளவுக்குப் போல்ட் பெருக்காது.

இங்கே தூத்துக்குடிக்காரர் ஒருவர் எழுந்து, உப்பளக் காற்றை மறந்துவிட்டீர்களே என்பார். நியாயமான கேள்வி. ஆனால் மரை, உள்ளே நிற்கும் ஆயிலில் நனைந்தே கிடக்கிறது. உப்பு பெரும்பாலும் அரிப்பது வெளியே துருத்தி நிற்கும் தலையை. ஆறு மூலையும் கரைந்து பதினேழு சைஸ் பதினாறரையாகிவிடுகிறது. உப்பு போல்ட்டை இறுக்கவில்லை, நம் பிடியைத்தான் பிடுங்கிக்கொள்கிறது. அதனால்தான் ஓப்பன் ஸ்பேனரையும் பன்னிரண்டு முனை ரிங்கையும் ஒதுக்கி, ஆறு முகத்தையும் முழுசாகக் கவ்வும் பாக்ஸ் ஸ்பேனரைச் சிபாரிசு செய்கிறோம்.

பைப் போட்டு நீட்டிப் பிடித்தால் கழலாதா என்பது அடுத்த ஆட்சேபம். கழலும், எது கழலும் என்பதுதான் சிக்கல். ஒரு அடி ஸ்பேனரை மூன்று அடியாக்கினால் திருகுவிசை மும்மடங்கு. நாற்பது நியூட்டன் மீட்டர் அளவில் பூட்ட வேண்டிய போல்ட்டுக்கு அது சம்பின் மரையையே சேர்த்து உருவிக் கொடுத்துவிடும். போதாததற்கு, அடியில் மல்லாந்து படுத்தவருக்குத் திசை குழம்பும். தலையை நேருக்கு நேர் பார்த்து இடப்பக்கமாகத் திருப்ப வேண்டும். மேலே நிற்பவர் மனசில் அது வலப்பக்கம். இப்படி இறுக்கிக்கொண்டே, கழலவில்லை என்று சலித்துக்கொண்டவர்கள் ஏராளம். நீளக் கம்பியைவிட, குட்டைக் கம்பியில் வெடுக்கென்று ஒரு இழுப்பு மேல். முதலில் ஒரு நூல் இறுக்கி, பிறகு தளர்த்துவது உத்தமம்.

போல்ட்டையே தொடாமல் ஆயில் அளக்கும் குழாய் வழியாக உறிஞ்சி எடுக்கலாமே என்று சமாதானவாதிகள் சொல்வார்கள். கம்பெனியும் 1803இல் பாளையங்களை ஜமீன்களாக்கிக் கிஸ்தியை இப்படித்தான் உறிஞ்சியது. ஆனால் அடியில் படிந்த கசடு அப்படியே நிற்கும். ஏற்கெனவே புகை கக்கும் வேனுக்கு அதுவே போதும் என்று வாதிட்டால், அந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஆய்வு விட்டுக்கொடுக்கிறது.

தலை முழுக்க மொட்டையான நிலையில், புது நட் ஒன்றை வெல்டிங் வைத்து இழுக்கலாம். ஆனால் உள்ளே ஆயில் இருக்கிறது, அருகில் பெட்ரோல் பைப்பும் இருக்கலாம் என்பதால் இது பழகிய கைக்கு உரியது. கழன்ற பின் பழைய போல்ட்டைத் திரும்பப் போடுபவரோடு இந்த ஆய்வுக்கு உறவில்லை. புது போல்ட், புது செப்பு வாசர். மரை கடைசிவரை கைவிரலாலேயே ஏற வேண்டும், அப்புறம்தான் ஸ்பேனர், அதுவும் குட்டையானது. பைப்பை அதற்குள் வேறு யாராவது எடுத்துக்கொண்டு போயிருந்தால் நல்லது.