தடுப்பது யார்? தப்பிப்பது யார்?

கணினி வழி விவாதக் குழுக்களான யூஸ்நெட்டின் காலத்தில் வம்பு பேசுகிறவர்களை எப்படித்தான் சமாளித்தார்கள்?

ஒரே ஒரு எழுத்தில்! லாரி வால் 1984-இல் வெளியிட்ட, குழு மடல்களைப் படிக்கும் 'ஆர்என்' மென்பொருளில் பெரிய எழுத்து 'கே'யைத் தட்டினால் போதும். படித்துக்கொண்டிருக்கும் மடலின் தலைப்பில் வந்த மடல்கள் எல்லாம் படித்த கணக்கில் சேர்ந்துவிடும். கூடவே 'கில்' கோப்பில் ஒரு வரியும் ஏறும்: இரண்டு சாய்கோடுகளுக்கு நடுவே தலைப்பு, பிறகு முக்காற்புள்ளி, ஒரு 'ஜே'. நாளைக்கு அதே பேச்சு வந்தாலும் உங்கள் கண்ணில் படாது.

அப்போ அந்த ஆள் வாயை மூடிவிடுவாரா?

உங்கள் காதைப் பொத்திக்கொண்டால் அவர் வாய் எப்படி மூடும்? ஊருக்கெல்லாம் கேட்கும், உங்களுக்கு மட்டும் கேட்காது. அதுவும் முழுசாக இல்லை. அவர் சொன்னதை வேறு தலைப்பில் மேற்கோள் காட்டி யாராவது பதில் எழுதினால் பின்வாசல் வழியாக வந்துவிடுவார்.

வெட்டத்தான் வேண்டுமா? நடுவழி கிடையாதா?

உண்டு, மார்க் போடலாம். 'எஸ்எல்ஆர்என்' மென்பொருளில் பிடித்தவருக்குக் கூட்டலாம், பிடிக்காதவருக்குக் குறைக்கலாம். மைனஸ் 9999 போட்டால் ஆளே காணாமல் போவார்!

விளம்பரக்காரர்களையும் இது தடுத்ததா?

முதல் அடி விழுந்த பிறகுதானே தடுப்பு வரியே எழுத முடியும்? 1994 ஏப்ரலில் அமெரிக்காவின் அரிசோனா வக்கீல் தம்பதி ஒன்று, கிரீன் கார்டு லாட்டரி விளம்பரத்தை 5,000-க்கும் மேற்பட்ட குழுக்களில் தனித்தனிப் பிரதியாகக் கொட்டியது. எந்தக் குழுவைத் திறந்தாலும் அதே மடல். அனுப்பும் வாசலிலேயே மறிக்க வேண்டிய குப்பையைப் படிக்கிறவர் தலையில் கட்டியது அநியாயம்.