டிக்கி இருந்தாத்தான் கார்

மதுரையில் புதுக் கார் எடுத்தவர், ஷோரூமில் பணத்தைக் கட்டி, பாண்டி கோயிலுக்குக் கொண்டுபோய் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, வீட்டு வாசலில் ஆரத்தியும் எடுத்து முடித்துவிட்டாலும் வண்டி இன்னும் அவருடையது ஆகவில்லை. சித்தப்பா வந்து பார்க்க வேண்டும்.

இந்தச் சித்தப்பா எல்லாக் குடும்பத்திலும் உண்டு. சில வீட்டில் தாய்மாமனாக இருப்பார், சில தெருவில் ரிட்டயர்டான எதிர்வீட்டுக்காரராக இருப்பார். முறை மாறலாம், வேலை மாறாது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டியை ஒரு சுற்று சுற்றுவார். பேச மாட்டார். பானெட் பக்கம் வந்து நின்று, நடுவிரலை மடக்கி, கணுவால் இரண்டு தட்டுத் தட்டுவார். தலையைச் சாய்த்துச் சத்தத்தைக் கேட்பார். பிறகு மருமகள் காதில் விழும்படி ஒரே ஒரு வார்த்தை.

"தகரம்."

வண்டிக்கு ஏழு வருசம் தவணை கட்டப்போகிறவனுக்கு இது எப்படி இருக்கும்? "இல்ல சித்தப்பா, இது அஞ்சு ஸ்டாரு வாங்குன வண்டி" என்று ஆரம்பிப்பான். "ஸ்டாரு வானத்துல இருக்குடா மகனே. தகரம் இங்ஙன இருக்கு" என்று முடித்துவிடுவார்.

சித்தப்பாவின் கார் சாத்திரத்தில் முதல் விதி: டிக்கி இருந்தால்தான் அது கார். முன்னால் எஞ்சின், நடுவில் மனுசன், பின்னால் சாமான். மூன்றும் தனித்தனியாக இருக்க வேண்டும். டிக்கி இல்லாத சின்ன வண்டிக்கு அவர் வைத்த பெயர் 'பாதிக் கார்'. இப்போது ஊரெல்லாம் நிற்கிற உயரமான வண்டிகள் எவ்வளவு விலையானாலும், யார் வைத்திருந்தாலும், 'வேன்'. மாவட்டச் செயலாளர் வந்து இறங்கினாலும் வேனில் வந்து இறங்கினார் என்றுதான் சொல்வார்.

இத்தனை ஞானம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் ஊர்ப் பெருமையில் தொடங்குவார். "டி.வி.எஸ் அய்யங்கார் 1912-லயே பஸ் விட்ட ஊருடா இது. நமக்கு வண்டிய பத்தி வெளியூர்க்காரன் சொல்லித் தரணுமா?" அந்த பஸ்ஸில் இவர் கண்டக்டராக இருந்தது போலத்தான் பேச்சு இருக்கும். அசல் கதை இதுதான்: இவருடைய முதலாளி ஒரு அம்பாசிடர் வைத்திருந்தார். அதில் இவர் ஓட்டப் பழகினார். அதோடு படிப்பு முடிந்தது. அதற்குப் பிறகு வந்த கார்களெல்லாம் பாடத்திட்டத்துக்கு வெளியே.

அம்பாசிடர் என்று சொல்லும்போது குரலே மாறிவிடும். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டை வாங்கி, வங்காளத்து உத்தர்பாராவில் 1957 வாக்கில் செய்ய ஆரம்பித்து, 2014 மே மாதம் ஆலையை மூடும்வரை மேல்தோற்றத்தைப் பெரிதாக மாற்றாமலே ஓட்டிய வண்டி. "முன் சீட்டுல டிரைவரோட மூணு பேரு. பின்னாடி நாலு. மடியில பிள்ளைக கணக்கில்ல. டிக்கில ரெண்டு அரிசி மூட்டை, ஒரு அண்டா, மேல சோழவந்தான் வெத்தலைக்கட்டு. உசிலம்பட்டில நின்னு போச்சுன்னா உசிலம்பட்டி ஆளே சரி பண்ணிருவான். இப்ப நின்னா? கம்ப்யூட்டரு வரணும்ல?"

சொல்லாமல் விடுகிறவை இன்னொரு பட்டியல். காலையில் சோக்கை இழுத்து, கெஞ்சி, கடைசியில் முன்பக்கம் கம்பியைச் சொருகிச் சுற்றியது. பிரேக்கை மிதிப்பது உத்தரவாக இல்லாமல் விண்ணப்பமாகவே இருந்தது. ஹாரனைத் தவிர மற்றதெல்லாம் சத்தம் போடும் என்று அந்தக் காலத்திலேயே ஊர் நக்கலடித்தது. சீட் பெல்ட் பற்றிக் கேட்டுப் பாருங்கள். "அப்பப் பேண்ட்டுக்கே பெல்ட் போட்டது கிடையாது."

இந்தத் தகர விசயத்தில் சித்தப்பா சுத்தமாகத் தப்பு. கணுவால் தட்டிப் பார்க்கிற இடத்தில் வண்டியின் பலம் இல்லை. அது கதவுத் தூண்களிலும் கூண்டிலும் உள்ளே ஒளிந்திருக்கிறது. அங்கே விரல் போகாது. முன்பக்கம் நசுங்குவதே உள்ளே இருக்கிறவன் நசுங்காமலிருக்கத்தான். வண்டி நசுங்கவில்லை என்றால் மோதிய வேகம் முழுக்க மனுசன் நெஞ்சில் இறங்கும். பானெட் மெலிசாக இருப்பதற்கு ஒரு காரணம், குறுக்கே வருகிறவரின் மண்டை. கோரிப்பாளையத்தில் குறுக்கே வருகிறவர்களைப் பார்த்தால் பானெட்டைப் பஞ்சிலேயே செய்திருக்க வேண்டும் என்று தோன்றும்.

அதற்காகக் கம்பெனிகள் சொன்னதெல்லாம் உண்மை என்றும் இல்லை. வண்டியை மோதவிட்டுப் பாதுகாப்புக்கு ஸ்டார் போடுகிற குளோபல் என்கேப், 2014-ல் நம் ஊர்ச் சின்னக் கார்கள் ஐந்தை மோதிப் பார்த்தபோது ஏர்பேக் இல்லாத அந்த ஐந்துமே பூஜ்யம் வாங்கின. பிறகுதான் ஆட்களுக்குச் சொரணை வந்தது. 2024 நவம்பரில் வந்த புது டிசையர் கார் அதே சோதனையில் ஐந்து ஸ்டார் வாங்கியது. இதைச் சித்தப்பாவிடம் சொல்லிப் பார்த்தேன். "பரீட்சைக்கு முன்னாடி கேள்வித்தாள கொடுத்திருப்பாய்ங்க" என்றார்.

ஆனால் டிக்கி விசயத்தில் நான் அவர் கட்சி. அது சுருங்கிய கதை இதுதான்.

2006 பட்ஜெட்டில் நிதியமைச்சர் ப.சிதம்பரம், நாலு மீட்டருக்குள் அடங்குகிற கார்களுக்கு உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தார். பெட்ரோல் எஞ்சின் 1200 சிசிக்குள், டீசல் 1500-க்குள் இருக்க வேண்டும் என்பதும் சேர்த்து. சின்ன வண்டி பெருகட்டும் என்பது எண்ணம். கம்பெனிக்காரர்கள் பெரிய வண்டியின் வாலை நறுக்கத் தொடங்கினார்கள். 2008-ல் டாடா இண்டிகோ சிஎஸ் முதலில் நறுக்கிக்கொண்டு வந்தது. அதே வருசம் வந்த டிசையர் 4,160 மில்லிமீட்டர் நீளம். 2012-ல் அடுத்தது வந்தபோது 3,995. டிக்கி 440 லிட்டரிலிருந்து 316-க்கு இறங்கியது. பின்னால் அமேஸ், எக்ஸென்ட் என்று வரிசையாக அதே அளவுக்கு வந்து நின்றன.

"நம்ம சிவகங்கைக்காரருதான்" என்று சிதம்பரத்தைச் சித்தப்பா சொல்லும்போது அதில் பெருமையும் வருத்தமும் சரிபாதி. "நாலு மீட்டருன்னு அவரு கோடு போட்டாரு. இவிங்ங ஸ்கேல வச்சு அறுத்துப்புட்டாய்ங்க. அண்டா போய்க் குண்டான் வந்திருச்சு, குண்டானும் போய்த் தூக்குச்சட்டில நிக்குது." அந்த 2012 டிசையரைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள்; மூஞ்சியும் வயிறும் சரியாக வந்து, முடிகிற இடத்தில் புதுமண்டபத்துத் தையற்காரருக்குத் துணி பற்றாமல் போன மாதிரி இருக்கும். 2017-ல் வந்ததில் கூரையைத் தாழ்த்தி, வளைவைச் சரிக்கட்டி, நறுக்கினது தெரியாமல் மறைத்தார்கள். டிக்கியும் 378 லிட்டருக்கு ஏறியது. அதை மட்டும் அவர் ஒரு மாதிரி ஒப்புக்கொண்டார்: "தைச்சுத் தைச்சுப் பழகிட்டாய்ங்க." வரி ஜிஎஸ்டியாக மாறி, 2025 செப்டம்பரில் சின்னக் கார்களுக்கு 18 சதவீதமாக இறங்கியபோதும் அந்த நாலு மீட்டர் கோடு மட்டும் அழியவில்லை.

உள்ளே உட்கார்த்தி வைத்தால் அடுத்த படலம். டேஷ்போர்டில் இருக்கிற திரையை 'டிவி' என்பார். ஏசியைக் கூட்ட அந்த டிவிக்குள் விரலை விட்டுத் தேட வேண்டியிருப்பது அவருக்குப் பொறுக்காது. "அக்கினி நட்சத்திரத்துல வேர்த்து ஊத்துது, இவென் டிவில ஃபேன தேடுறான்." பளபள கறுப்புப் பிளாஸ்டிக்கைப் பார்த்தால் ஒரு விரலால் கோடு இழுத்துக் காட்டுவார். காய்ந்த வைகையின் புழுதி முழுக்க அதில் இருக்கும். சன்ரூஃப் என்றால் சிரிப்பு. "வெயிலு உள்ள வர்றதுக்குக் காசு கொடுத்து ஓட்டை போட்ட மொத ஊரு மதுரதான்."

கதவுச் சத்தத்துக்கு மட்டும் மயங்குவார். கண்ணை மூடிக்கொண்டு சாத்துவார். 'தொப்' என்றால் நல்ல வண்டி, 'டப்' என்றால் டப்பா. விர்ச்சுஸ் காரின் கதவை ஒருமுறை சாத்திவிட்டு, ஆள் நடமாட்டம் இல்லாத நேரம் பார்த்து மறுபடியும் சாத்தினார். அந்தத் 'தொப்' வருவதற்கென்றே ரப்பரும் அடைப்புத் தகடும் வைத்துக் கதவுக்குச் சுருதி சேர்க்கிற இஞ்சினியர்கள் கம்பெனிகளில் இருக்கிறார்கள் என்பதை நான் சொல்லவில்லை. அவர்கள் சம்பளம் வாங்குவதே சித்தப்பாக்களுக்காகத்தான்.

இப்படிப்பட்டவர் போன ஆவணியில் திருமங்கலத்துக்கு ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பினார். வாசலில் இரண்டு வண்டி. ஒன்று மகன் முறைக்காரனின் டிசையர். இன்னொன்று மாப்பிள்ளை வீட்டார் அனுப்பிய உயரமான கறுப்பு வண்டி. சித்தப்பா டிசையர் பக்கம் போனார், கதவைத் திறந்தார், குனிந்து சீட்டைப் பார்த்தார். அவ்வளவு கீழே இறங்கி உட்காரவும், திருமங்கலத்தில் மறுபடி எழுந்திருக்கவும் முழங்கால் சம்மதிக்க வேண்டும். போகிற வழியில் யாரைக் கேட்டுப் போட்டார்கள் என்று தெரியாத வேகத்தடைகள் வேறு. ஆள் நிறைந்தால் ஒவ்வொன்றிலும் வண்டியின் வயிறு தட்டும். கதவைச் சாத்தினார். 'டப்'.

நேராகக் கறுப்பு வண்டிக்குப் போய், மேல்பிடியைப் பிடித்து ஒரே எட்டில் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

"சித்தப்பா, அது வேனு. டிக்கி வச்ச வண்டி இங்கிட்டு நிக்கிது" என்றான் மகன்.

"டிக்கி எதுக்குடா? சாமானுக்குத்தான? தாம்பூலத்தட்ட அதுல வையி. நான் இதுல வர்றேன்."