வானத்திலும் வரப்பு உண்டு

கே: கொள்ளிடத்துக்கு அக்கரை தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் இருக்கிறது. சொந்த விமானம் வைத்திருப்பவர் அதன் மேலே பறந்துவிட்டுப் போனால் என்ன? வானம் பொதுதானே?
– பள்ளி ஆசிரியை, ஏலாக்குறிச்சி

ப: காற்று பொது, வான்வெளி பொது அல்ல. அந்தந்த நாட்டின் வான்வெளி அந்தந்த நாட்டுக்கே சொந்தம் என்பது 1944 சிகாகோ ஒப்பந்தத்தின் முதல் விதி. வயலுக்கு வரப்பு போல வானத்துக்கும் வரப்பு உண்டு. அது கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் சிக்கல். தஞ்சைத் தளத்தில் 2020 ஜனவரி 20 முதல் சுகோய்-30 போர் விமானப் படைப்பிரிவு நிற்கிறது. அந்த வட்டாரத்துக்குள் அனுமதி கேட்டு, கிடைத்த பிறகே நுழையலாம்.

கே: எல்லாத் தடையும் ஒரே மாதிரியா?
– ஐ.டி.ஐ. மாணவர், திருமானூர்

ப: மூன்று வகை. முழுத் தடைப் பகுதிக்குள் யாரும் போகக் கூடாது. டெல்லி குடியரசுத் தலைவர் மாளிகை, கல்பாக்கம் அணுமின் நிலையம் எல்லாம் இந்தக் கணக்கு. மும்பை மலபார் ஹில்லில் பார்சிகள் இறந்தோர் உடலை வைக்கும் அமைதிக் கோபுரமும் இதில் சேர்த்தி. இறந்தவர்களுக்கான மரியாதைக்காக அந்தத் தடை. இரண்டாவது, நிபந்தனையோடு போகக்கூடிய கட்டுப்பாட்டுப் பகுதி. மூன்றாவது, துப்பாக்கிப் பயிற்சியோ ஏவுகணைச் சோதனையோ நடக்கும் நேரத்தில் மட்டும் ஆபத்தான பகுதி. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்பும் நாளில் வங்கக் கடல் மேல் வழி அடைக்கப்படுவதும் முன்கூட்டியே விமானிகளுக்கான 'நோட்டாம்' அறிவிப்பாக வந்துவிடும்.

கே: கைப்பேசியிலேயே ஜி.பி.எஸ். இருக்கிற காலத்தில் விமானி எப்படி வழி தவறுவார்?
– டிராக்டர் ஓட்டுநர், கீழப்பழுவூர்

ப: சிறு விமானத்தில் கண்ணால் தரையைப் பார்த்து ஓட்டுவதே அடிப்படைப் பயிற்சி. ஆறு, ரயில் பாதை, ஏரி இவைதான் அடையாளம். திருவையாறு பக்கம் கோடையில் மேலிருந்து பார்த்தால் காவிரியும் மணல், கொள்ளிடமும் மணல். புதிய மாணவருக்கு எது எதுவென்று குழம்ப எவ்வளவு நேரமாகும்? மணிக்கு 185 கிலோமீட்டர் வேகத்தில் திசை 10 டிகிரி பிசகினால், அரை மணியில் 16 கிலோமீட்டர் தள்ளிப் போயிருப்பார். ஜி.பி.எஸ். இருந்தாலும், பிரதமர் வருகைக்காக அன்று காலை போட்ட தற்காலிகத் தடை பழைய வரைபடத்தில் இருக்காது. நோட்டாமைப் படிக்காமல் கிளம்புவதுதான் பெரும்பாலான வம்புக்கு வேர்.

கே: பக்கத்தில் போர் விமானம் வந்து நின்றால்?
– கல்லூரி மாணவி, அரியலூர்

ப: அது உங்கள் முன்னால், வழக்கமாக இடப்பக்கம் வந்து இறக்கையை ஆட்டும். 'என் பின்னால் வா' என்று அர்த்தம். நீங்களும் இறக்கையை ஆட்டிவிட்டுப் பின்தொடர வேண்டும். ரேடியோவில் 121.5 மெகாஹெர்ட்ஸ் அவசர அலைவரிசையில் பேசுங்கள்; ரேடாருக்கு விமானத்தை அடையாளம் காட்டும் டிரான்ஸ்பாண்டரில் 7700 என்ற எண்ணை வையுங்கள். ஓடுதளத்தைச் சுற்றி வந்து சக்கரத்தை இறக்கினால், அங்கே இறங்கச் சொல்கிறது. சட்டென்று மேலேறி விலகினால், நீங்கள் போகலாம். இந்தச் சைகைகள் உலகம் முழுக்க ஒன்றே. இவற்றை மனப்பாடம் செய்யாமல் ஒரு விமானி தனியே கிளம்பக் கூடாது.

கே: நம் நாட்டில் இப்படி நடந்திருக்கிறதா?
– ஓய்வுபெற்ற தபால்காரர், தூத்தூர்

ப: 2019 மே 10 அன்று கராச்சியிலிருந்து டெல்லிக்கு வந்த ஜார்ஜிய நாட்டு அன்டனோவ்-12 சரக்கு விமானம், பாதை மாறி வட குஜராத் வழியாக உள்ளே வந்தது. ரேடியோ அழைப்புக்கு முதலில் பதில் இல்லை. சுகோய்கள் போய் மறித்து ஜெய்ப்பூரில் இறக்கின. விசாரித்தார்கள், விட்டுவிட்டார்கள்.

1965 செப்டம்பர் 19 அப்படி முடியவில்லை. பாகிஸ்தானோடு போர் நடந்துகொண்டிருந்த நேரம். குஜராத் முதல்வர் பல்வந்த்ராய் மேத்தா, சிறிய பீச்கிராஃப்ட் விமானத்தில் கட்ச் எல்லையை ஒட்டிப் பறந்தார். பாகிஸ்தான் போர் விமானம் நெருங்கியது. மேத்தாவின் விமானி ஜஹாங்கீர் இன்ஜினியர் இறக்கையை ஆட்டிக் காட்டினார். ஆனாலும் சுடச் சொல்லித் தரையிலிருந்து உத்தரவு வந்தது. உள்ளே இருந்த எட்டுப் பேரும் இறந்தார்கள். 46 ஆண்டுகள் கழித்து, சுட்ட விமானி கைஸ் ஹுசேன், ஜஹாங்கீரின் மகளுக்கு வருத்தம் தெரிவித்து எழுதினார். அவரும் மன்னித்துப் பதில் எழுதினார். இறக்கையை ஆட்டியவர் தன் கடமையைச் செய்தார். அதைப் பார்த்தும் சுடச் சொன்னதுதான் தவறு.

கே: சட்டம் சுட அனுமதிக்கிறதா?
– இளம் வழக்கறிஞர், ஜெயங்கொண்டம்

ப: 1983 செப்டம்பர் 1 அன்று வழி தவறிய கொரியப் பயணிகள் விமானத்தை சோவியத் படை சுட்டதில் 269 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டே சிகாகோ ஒப்பந்தத்தில் சேர்க்க '3 பிஸ்' விதி ஏற்கப்பட்டது: பறக்கும் சிவில் விமானத்தின் மீது ஆயுதம் பயன்படுத்தாதே, மறித்தாலும் உயிருக்கு ஆபத்து வராமல் மறி. அப்படியும் 1995 செப்டம்பர் 12 அன்று, போட்டியில் பறந்த ஒரு பலூனை பெலாரஸ் சுட்டு வீழ்த்தியது. அமெரிக்கர் இருவர் இறந்தார்கள். போட்டி அமைப்பாளர்கள் முன்கூட்டியே தகவல் கொடுத்திருந்தார்கள். சுட்டவரிடம் அது போய்ச் சேரவில்லை. துப்பாக்கி வைத்திருப்பவருக்கும் நோட்டாம் படிக்கும் கடமை உண்டு.

கே: தெரியாமல் நுழைந்தால் தண்டனை என்ன?
– மளிகைக் கடைக்காரர், செந்துறை

ப: 2005 மே 11 அன்று ஒரு குட்டி செஸ்னா வாஷிங்டன் தடை வளையத்துக்குள் போனது. வெள்ளை மாளிகையும் நாடாளுமன்றமும் காலி செய்யப்பட்டன. விமானியின் உரிமம் ரத்தானது. இங்கே உரிமத்தை நிறுத்தவோ ரத்து செய்யவோ சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்துக்கு (டி.ஜி.சி.ஏ.) அதிகாரம் உண்டு. நம் 1937 விமான விதிகள் தப்பும் வழியையும் சொல்கின்றன: தடைப் பகுதிக்கு மேல் இருக்கிறோம் என்று தெரிந்த உடனே ஆபத்துச் சைகை கொடு, வெளியேறு, பக்கத்து விமான நிலையத்தில் இறங்கு. சொல்லிவிட்டு இறங்கியவரையும், சத்தமில்லாமல் நழுவியவரையும் எந்த அதிகாரியும் ஒன்றாக நடத்தக் கூடாது என்பதே என் கட்சி.

கே: எங்கள் ஊர் அடைக்கல மாதா கோயில் தேர்பவனியை ட்ரோனில் படம் பிடிக்கலாமா?
– ஸ்டுடியோக்காரர், ஏலாக்குறிச்சி

ப: ட்ரோன் இயக்குபவரும் விமானிதான். 2021 ட்ரோன் விதிகளின்படி வான்வெளி பச்சை, மஞ்சள், சிவப்பு எனப் பிரிந்திருக்கிறது. அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதளத்தில் அன்றைய வரைபடத்தைப் பாருங்கள். பச்சையில் 400 அடி வரை பறக்கலாம், சிவப்பில் மத்திய அரசின் அனுமதி வேண்டும். ட்ரோனுக்குப் பதிவெண் எடுங்கள். விதியை மீறினால் அபராதம் ஒரு லட்சம் ரூபாய் வரை போகும். கூட்டத்தின் தலைக்கு மேல் மட்டும் பறக்கவிடாதீர்கள். பேட்டரி போனால் விழுவது பக்தர் தலையில்.

கே: மகள் சேலத்தில் விமானப் பயிற்சிக்குச் சேரப் போகிறாள். என்ன சொல்லி அனுப்பட்டும்?
– விவசாயி, சுள்ளங்குடி

ப: கிளம்புமுன் நோட்டாம் படிக்கச் சொல்லுங்கள். வழி தவறினால், 'நான் எங்கே இருக்கிறேன் என்று தெரியவில்லை' என்று கட்டுப்பாட்டு அறையிடம் உடனே சொல்லச் சொல்லுங்கள். திட்டு வாங்குவோமே என்று தயங்கிய நிமிடங்களில்தான் சிறு பிசகு பெரிய வழக்காகிறது. வீட்டில் தவறைச் சொன்னால் அடி விழாது என்று வளர்ந்த பிள்ளைக்கு இது சுலபமாக வரும். அந்தப் பயிற்சியை நீங்கள் இன்றே தொடங்கலாம்.