தொங்குபூ டின்: ஒரு சித்தாந்த நிர்ணயம்

பதுளையிலிருந்து பசறை, லுணுகலை, மடுல்சீமை என்று போகும் பாதைகளின் ஓரத்துத் தேயிலைத் தோட்டங்களில், லயத்துத் தகரக் கூரையின் இறவாரத்தில் பழைய பால்மா டின் ஒன்று கட்டுக்கம்பியில் தொங்குவதையும், அதன் விளிம்பைத் தாண்டி ஜெரேனியமோ பிகோனியாவோ எட்டிப் பார்ப்பதையும் கண்ட பிரயாணிகள் அநேகர். ஆயினும், அவ்வஸ்து தரையில் வைக்கப்படாமல் ஆகாயத்தில் நிறுத்தப்பட்டது ஏன் என்னும் ஆதாரப் பிரச்சினையை எடுத்து விசாரித்தவர் எவருமிலர். தெமோதரையில் ரயில்பாதை தன் நிலையத்துக்கே அடியில் புகுந்து சுற்றிவரும் விந்தையை அண்ணாந்தும் குனிந்தும் பார்த்துப் புகழ்ந்த உலகம், இறவாரத்தை மாத்திரம் பாராமல் விட்ட குறையை நிவர்த்திக்கவே இந்தச் சிறு வியாசம்.

முதலில் லக்ஷணம். உத்தமமான டின்னுக்கு விளிம்பில் மூன்று துவாரங்களும், அடியில் ஆணியால் அடித்த ஐந்தாறு துவாரங்களும், உள்ளே ஒரு விரற்கடைத் தும்பும், அதன்மேல் மாட்டெரு கலந்த மண்ணும் இருத்தல் வேண்டும். அடித் துவாரம் இல்லையேல் வேர் அழுகும். அதுவே பெருத்துவிட்டாலோ, ஊற்றிய ஜலம் முழுவதும் இஸ்தோப்பில் குந்தியிருக்கும் விருந்தாளியின் உச்சந்தலையைச் சேரும். துரை பங்களாவிலோ தொங்குவது கம்பிக்கூடை. அதில் காட்டுப்பாசியும் ஃபூஷியாவும் உண்டு. 1861இல் சிங்கோனாவுக்கென்று ஹக்கலையில் தோட்டம் போட்ட காலத்துச் சீமைச்செடி மோகத்தின் சந்ததி அது.

இனிப் பூர்வபக்ஷம். கோழி கிளறும், ஆடு மேயும் என்பதற்காகவே செடி மேலே ஏற்றப்பட்டது என்பர் கோழிவாதிகள். அதே வாசலில் மிளகாயும் கீரையும் வேலிக்குள் தரையிலேயே நின்று பிழைப்பதை அவர்கள் மறந்தனர். 10 அடிக்கு 12 அடிக் காம்பராவில் இடமில்லை என்பர் இடவாதிகள். அது செடி வெளியே வந்ததற்குக் காரணமாகுமேயன்றி மேலே ஏறியதற்குக் காரணமாகாது. செடிக்குக் காற்று வேண்டும் என்பர் காற்றுவாதிகள். இவர்கள் ஊவாவின் காற்றை அறியாதவர்கள். ஆடியிலும் ஆவணியிலும் கச்சான் காற்று, தன் ஈரத்தையெல்லாம் மலையின் மேற்குப் பக்கத்திலே கொட்டிவிட்டு, வறண்டு போய் இப்பக்கம் இறங்கி, கொழுந்துக்கு வாசனையூட்டி ஊவாத் தேயிலைக்கு விலையேற்றுகின்ற அதே வேளையில், நாற்புறமும் காற்றுப்படத் தொங்கும் ஒரு பிடி மண்ணுக்கு யமனாகிறது. பீலியிலிருந்து காலையும் மாலையும் தண்ணீர் சுமந்தாலன்றி அச்செடி பிழையாது. ஆதலின், செடியின் சௌகரியத்தை உத்தேசித்து எவரும் அதைத் தொங்கவிட்டிரார் என்பது தெளிவு.

நமது சித்தாந்தம் வருமாறு: தேயிலையும் பூக்கும் ஜாதியே. சும்மா விட்டால் அது மரமாகி, வெள்ளை இதழும் மஞ்சள் மகரந்தமுமாகப் பூத்து நிற்கும். கவ்வாத்து வெட்டியும், ஏழெட்டு நாளுக்கொரு தரம் கொழுந்தெடுத்தும் இடுப்பளவில் அதை அடக்கி வைப்பதால் பூக்க அவகாசம் கிட்டுவதில்லை. ஒரு மலையில் தேயிலைப் பூ மலிந்து கிடந்தால், அந்த மலையைப் பார்ப்பாரில்லை என்று பொருள். பூ என்பது கவனிப்பின்மைக்குச் சாக்ஷியாகிவிட்ட பூமியில், கவனித்து வளர்த்த பூவொன்று அந்தப் பூமியைத் தொடாமல் விலகி நிற்பதே மரியாதை.

இதற்கு ஓர் ஆட்சேபம் உண்டு: புல்வெளியும் பாத்தியும் வேண்டிய மட்டும் உள்ள துரை பங்களாவிலும் கூடை தொங்குகிறதே! சமாதானம்: அந்தக் கூடைக்கு ஏணி வைத்துத் தண்ணீர் ஊற்றும் தோட்டக்காரன் லயத்திலிருந்துதான் போகிறான், போகும்போது வெறுங்கையாகப் போனாலும் வரும்போது மடியில் ஒரு ஜெரேனியத் துண்டு வரக்கூடும். ஆகவே பங்களாக் கூடையும் நம் சித்தாந்தத்துக்குள்ளே அடங்கியதுதான்.

தோட்டத்தில் தொங்கும் வஸ்து வேறொன்றும் உண்டு. அது தராசில் மாட்டிய கொழுந்துச் சாக்கு. அதன் நிறையைக் கணக்கப்பிள்ளை எழுதிக்கொள்வார். சாக்குக்கென்று ஒரு கழிவு, ஈரத்துக்கென்று ஒரு கழிவு. பூ டின்னையும் அவ்வாறே நிறுத்துப் பதிய வேண்டும் என்று ஆராய்ச்சியின் பொருட்டு ஒரு பிரேரணை கொண்டுவர எண்ணியதுண்டு. ஆனால் டின்னுக்கும் ஈரத்துக்கும் கழித்த பின், கணக்கில் எழுத ஏதும் மிஞ்சாது என்பதால் அதைக் கைவிட்டோம்.