நல்ல நாளில்தான் கவனம் வேண்டும்

கேள்வி: எனக்கு ஃபைப்ரோமயால்ஜியா. வலி குறைந்த நாளில் மொத்த வேலையையும் முடித்துவிடுகிறேன். மறுநாள் எழ முடிவதில்லை. வீட்டில் சோம்பல் என்கிறார்கள். என்ன செய்ய? (வாசகி, திருச்சி)

பதில்: உங்களைப் படுக்கவைப்பது கெட்ட நாள் அல்ல, நல்ல நாள்! இந்த நோயில் தசையோ மூட்டோ சிதைவதில்லை. நரம்பு மண்டலம் வலியைப் பெருக்கிக் காட்டுகிறது. அந்த வலியும் பெரும்பாலும் வேலை முடிந்த பிறகே உச்சத்துக்கு ஏறும் என்பதால், வலித்ததும் நிறுத்துவது தாமதம். கடிகாரத்தைப் பார்த்து நிறுத்துங்கள். காய் நறுக்குவதை உட்கார்ந்து செய்யுங்கள். வாரத் துணியை ஒரே நாளில் துவைக்காமல் தினமும் கொஞ்சம் துவையுங்கள். தெம்பு மிச்சமிருக்கும்போதே ஓய்வெடுங்கள். 'அப்படியானால் படுத்தே இருக்கலாமே' என்பீர்கள். கூடாது. ஐரோப்பிய வாதநோய் அமைப்பான யூலர் 2017-இல் வெளியிட்ட பரிந்துரைகளில், வலுவாகப் பரிந்துரைத்த ஒரே சிகிச்சை உடற்பயிற்சிதான், மாத்திரை அல்ல. சிறு நடையில் தொடங்கி மெல்லக் கூட்டுங்கள்.

சோம்பல் என்பவர்கள் ஸ்கேனில் ஒன்றுமில்லையே என்றும் சொல்வார்கள். ஃபைப்ரோமயால்ஜியா ஸ்கேனில் தெரியாது. பரவலான வலி, களைப்பு, தூங்கி எழுந்தும் தீராத அசதி, மறதி ஆகியவற்றைக் கேட்டறிந்துதான் 2010-இன் அமெரிக்க அளவுகோலும் நோயை உறுதிசெய்கிறது. இந்தப் பக்கத்தை அவர்களிடம் கொடுங்கள். கூடவே துணி வாளியையும்!